நடுவில் சர்வர் இல்லாமல் படகும் கரையும் பேசிக்கொள்ள எந்தக் கருவி?

கேள்வி இதுதான்: "நாங்கள் நான்கு பேர், மண்டபம் பக்கம் இறுதியாண்டு படிக்கிறோம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் துறைகளிலும் சில நாட்டுப்படகுகளிலும் கருவிகளை வைத்து, காற்று, மீன்பாடு, ஐஸ் இருப்பு, படகு இருக்கும் இடம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் அமைப்பைச் செய்ய நினைக்கிறோம். நடுவில் ஒரே சர்வர் இருக்கக் கூடாது. யார் வந்தாலும் போனாலும் அமைப்பு தன்னைத்தானே சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். கையில் இருப்பவை ஆண்ட்ராய்டு போன், ராஸ்பெர்ரி பை, ஈஎஸ்பி32 பலகை, விண்டோஸ் லேப்டாப். இவை எல்லாவற்றிலும் ஓடும் ஒரே மொழி, ஒரே ஃபிரேம்வொர்க் எது?"

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களுடைய ஆறு மாதம் அங்கேதான் வீணாகப் போகும். எல்லாத் தளத்திலும் ஓடும் ஒரே மொழியைத் தேடாதீர்கள். ஈஎஸ்பி32இல் இருப்பது 520 கிலோபைட் நினைவகம். ராஸ்பெர்ரி பையில் ஜிகாபைட் கணக்கில் இருக்கிறது. போனில் நினைவகம் தாராளம், ஆனால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஆண்ட்ராய்டு உங்கள் நிரலைத் தூங்க வைத்துவிடும். மூன்று பேருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் ஒருவருக்கும் பொருந்தாது.

பொதுவாக இருக்க வேண்டியவை இரண்டு. காற்றில் போகிற செய்தியின் வடிவம் ஒன்று. அந்தச் செய்தி வந்தால் ஒவ்வொரு கருவியும் என்ன செய்ய வேண்டும் என்கிற விதி இன்னொன்று. இரண்டையும் நான்கு பக்கத்தில் எழுதிவிடலாம். அதை எழுதி முடித்த பிறகு ஈஎஸ்பி32க்கு சி மொழி, ராஸ்பெர்ரி பைக்கு (இனி சுருக்கமாகப் பை) கோ அல்லது ரஸ்ட் அல்லது எலிக்சர், போனுக்குக் காட்லின் என்று எதில் வேண்டுமானாலும் நிரல் எழுதுங்கள். நான் கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த நான்கு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

"தன்னைத்தானே சரிப்படுத்திக்கொள்வது" என்பதற்கு 1974இலேயே கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா ஒரு தெளிவான பொருள் கொடுத்தார்: அமைப்பு எந்தக் குழப்பமான நிலையில் கிடந்தாலும், வெளியிலிருந்து யாரும் கை வைக்காமலேயே, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் அடங்கும் படிகளில் சரியான நிலைக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு கணுவுக்கும் (அமைப்பில் சேர்ந்திருக்கும் கருவியைக் கணு என்பார்கள்) தெரிவது தன்னைப் பற்றியும் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றியும் மட்டுமே. தண்ணீருக்குள் சூடைக் கூட்டம் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் கட்டளை இடுவதில்லை. ஒவ்வொரு மீனும் பக்கத்து மீனைப் பார்த்துத் திரும்புகிறது. கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் இதையே மூன்று விதிகளாகக் கணினியில் எழுதிக் காட்டினார்: ரொம்ப நெருங்காதே, பக்கத்தில் இருப்பவர் போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. உங்கள் அமைப்பும் இப்படிச் சின்ன விதிகளால் ஆனதாக இருக்க வேண்டும். விதி பெரிதானால் எந்த நிலையிலிருந்து மீளும், எதிலிருந்து மீளாது என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களுக்கு வேண்டிய முதல் விதியையே எடுத்துக்கொள்வோம். கடலில் இருக்கும் படகின் செய்தி கரைக்கு எப்படி வந்து சேரும்? கரையில் இருக்கும் கருவி தன்னை 0 என்று சொல்லிக்கொள்கிறது. அது காதில் விழும் படகு தன்னை 1 என்று சொல்கிறது. அந்தப் படகு மட்டும் கேட்கும் இன்னொரு படகு 2. அதாவது ஒவ்வொருவரும் தங்களுக்குக் கேட்கிற எண்களில் மிகச் சிறியதை எடுத்து, ஒன்றைக் கூட்டித் தங்கள் எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள். அனுப்ப வேண்டிய செய்தியைத் தன்னைவிடச் சிறிய எண் உள்ளவரிடம் கொடுத்தால் போதும், தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவது போல அது கரைக்கு வந்துவிடும். படகு நகர்ந்தால் எண்கள் தாமாக மாறும். வரைபடம் எதுவும் தேவையில்லை.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கரைக் கருவிக்கு மின்சாரம் போய்விட்டது என்று வையுங்கள். 1 என்று இருந்த படகுக்கு இப்போது 0 கேட்காது. ஆனால் பக்கத்தில் 2 என்று ஒருவர் சொல்வது கேட்கும். உடனே இது தன்னை 3 என்று மாற்றிக்கொள்ளும். அதைக் கேட்டு அவர் 4. பிறகு 5, 6 என்று இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி எண்ணிக்கொண்டே போவார்கள், செய்தி இருவருக்கும் நடுவே ஊசலாடும். கணினி வலைகளில் வழி கண்டுபிடிக்கும் ரிப் (RIP) என்ற பழைய நெறிமுறையில் இதே சிக்கல் வந்துதான் 16 என்றால் "வழி இல்லை" என்று உச்சவரம்பு வைத்தார்கள். நீங்களும் உச்சவரம்பு வையுங்கள், 7 போதும். அதோடு, கரைக் கருவி ஒவ்வொரு முறையும் ஏறுவரிசையில் ஒரு தொடர் எண்ணை அனுப்பட்டும். புதிய தொடர் எண்ணோடு வருகிற தூரத்தை மட்டும் நம்பு, தொடர் எண் ரொம்ப நேரமாக ஏறவில்லை என்றால் கரை இல்லை என்று எடுத்துக்கொள் என்பது விதி. இந்த இரண்டு வரியைச் சேர்த்தால் ஓட்டை அடைபடும்.

இந்த மாதிரி யோசிப்பதற்கென்றே மொழிகள் இருக்கின்றன. எம்ஐடியில் ஜேக்கப் பீல் தொடங்கிய புரோட்டோ, பிறகு ஜாவா மேடையில் ஓடும் புரோட்டலிஸ், ஸ்காலாவில் எழுதப்பட்ட ஸ்காஃபி ஆகியவை ஒவ்வொரு கணுவுக்கும் தனித்தனியாக நிரல் எழுதாமல், கணுக்கள் பரவிக் கிடக்கும் பரப்பு முழுவதையும் ஒரே கணினியாக நினைத்து எழுத வைக்கின்றன. மேலே சொன்ன கரைத் தூரத்தை அவற்றில் இரண்டு மூன்று வரியில் எழுதிவிடலாம். ரோபோக் கூட்டங்களுக்கு பஸ் (Buzz) என்ற மொழி 2016இல் வந்தது. இவற்றைக் கட்டாயம் படித்துப் பாருங்கள், சிந்திக்கும் முறையே மாறும். ஆனால் இவற்றை அப்படியே ஈஎஸ்பி32இல் இறக்கிக் கடலுக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். ஸ்காஃபியில் லேப்டாப்பில் பாவனை செய்து பார்த்து விதி சரி என்று தெரிந்ததும், அதையே சி மொழியில் கையால் எழுதுங்கள். விதி சின்னதாக இருப்பதால் அது முடியும்.

சரி, யார் யார் இருக்கிறார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு படகும் மற்ற எல்லாப் படகையும் நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் அலைவரிசை தாங்காது. 2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாஸ், குப்தா, மோதிவாலா மூவரும் எழுதிய ஸ்விம் முறை நம் கடலுக்கே செய்தது போல இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்துக் கூப்பிடு. பதில் வராவிட்டால் உடனே முடிவு கட்டாதே, வேறு இரண்டு மூன்று பேரிடம் "எனக்கு அந்தப் படகு கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறதா?" என்று கேள். அவர்களுக்கும் கேட்காவிட்டால் "சந்தேகம்" என்று குறித்து வை. அந்தப் படகே அதைக் கேட்டு "நான் இருக்கிறேன்" என்று மறுக்க அவகாசம் கொடு. இந்தச் சேதிகள் தனியாகப் போவதில்லை, கூப்பிடுகிற செய்திகளின் முதுகில் ஏறிப் போகும். டீக்கடைப் பேச்சு பரவுகிற மாதிரி பரவும். ஒவ்வொரு சுற்றிலும் தெரிந்தவர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பதால் ஆயிரம் பேருக்குக்கூடப் பத்துச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல் போனால் போதும். 1987இல் ஜெராக்ஸ் பார்க்கில் டெமர்ஸும் அவர் கூட்டாளிகளும் தொற்றுநோய் பரவும் கணக்கை வைத்து இதை முதலில் எழுதினார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்விம் முறையில் எழுதிய சில நூலகங்களில் கடைசி நிலைக்கு "இறந்தது" என்று பெயர். கணினி அறையில் அந்தச் சொல்லால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நம் கரையில், திரையில் ஒரு படகின் பெயருக்கு எதிரே அப்படி ஒரு சொல் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆன்டெனா வயர் கழன்றிருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம், அலைக்குப் பின்னால் இருக்கலாம். "கடைசியாகக் கேட்டது 3.40க்கு, இன்ன படகு வழியாக, இந்த இடத்தில்" என்று மட்டும் காட்டுங்கள். முடிவு செய்வது மனிதர்களின் வேலை.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். ஸ்விம் முறையைக் கோ மொழியில் எழுதிய நல்ல நூலகம் மெம்பர்லிஸ்ட். அதன் மேல் கட்டியது செர்ஃப், இரண்டும் ஹாஷிகார்ப் வெளியிட்டவை. துறைகளில் இருக்கும் பைகளுக்கும் லேப்டாப்புக்கும் இது போதும். கோ மொழியில் ஒரு வசதி, உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் உட்கார்ந்தபடியே பைக்கான கோப்பைத் தயாரித்துவிடலாம். சூழல் மாறி இரண்டை மாற்றினால் போதும்.

எர்லாங் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. 1986இல் எரிக்சனில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் நண்பர்களும் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தொடங்கியது, 1998இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. "விழுந்தால் விழட்டும், மேற்பார்ப்பவர் மறுபடி எழுப்பட்டும்" என்ற அதன் போக்கு நம் வேலைக்குப் பொருத்தமானது. எலிக்சரும் அதே மேடைதான். பையில் நெர்வ்ஸ் கொண்டு இறக்கலாம், ஈஎஸ்பி32இல்கூட ஆட்டம்விஎம் என்ற சிறிய இயந்திரம் ஓடும். அப்படியானால் இதுதானே ஒரே மொழி என்று கேட்பீர்கள். போன் பக்கம் இது பலவீனம். அதைவிட முக்கியம், எர்லாங்கின் சொந்தக் கணுப் பிணைப்பு ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் நேரடி இணைப்பில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறது. கணினி அறைக்கு அது சரி. நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து ஒட்டும் கடல் இணைப்பில் அந்தப் பிணைப்பைப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் எர்லாங்கை வைத்துக்கொண்டு, வெளியே உங்கள் சொந்தச் செய்தி வடிவத்தில் பேசுங்கள்.

பல கணினிகளைச் சேர்த்து நிரல் எழுத உதவும் அக்கா (Akka) நூலகம் 2022இல் உரிமத்தை மாற்றியது. திறந்த வடிவம் வேண்டுவோர் அப்பாச்சி பெக்கோவுக்குப் போனார்கள். இரண்டும் ஜாவா மேடை, பெரிய சர்வர்களுக்குரியவை, உங்களுக்கு வேண்டாம். கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள உதவும் லிப்பிடுபி (libp2p) நூலகம், ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வுத் திட்டத்திலிருந்து வந்தது. கோ, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் என்று பல மொழிகளில் இருக்கிறது, ஒரே வைஃபைக்குள் அக்கம்பக்கத்தைத் தானே கண்டுபிடிக்கும், ஒவ்வொரு கணுவுக்கும் திறவுகோல் அடையாளம் கொடுக்கும். போனும் லேப்டாப்பும் பையும் படகுத்துறையில் ஒரே வைஃபையில் சேரும்போது இது நன்றாக வேலை செய்யும். ஆனால் கைகுலுக்கிக்கொள்ளவே அது பல செய்திகளைச் செலவழிக்கும். ரேடியோவில் அந்தச் செலவு கட்டாது.

நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது ஜெனோ (Zenoh) என்ற செய்திப் பரிமாற்றக் கருவி. எக்லிப்ஸ் அமைப்பின் கீழ் ரஸ்டில் எழுதப்பட்டது. பைத்தான், சி, காட்லின் வழியாகவும் தொடலாம். ஜெனோ பிகோ என்று சின்னப் பலகைகளுக்கென்றே சி மொழிப் பதிப்பு இருக்கிறது. சர்வர் இல்லாமல் ஒருவரை ஒருவர் தேடிக்கொள்ளும் முறையிலும் ஓடும், தேவைப்பட்டால் நடுவில் வழிகாட்டி வைத்தும் ஓடும். ஐபி இணைப்பு இருக்கும் இடம் வரை இதை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மேல் வேறு கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கருவிகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் எம்க்யூடிடி (MQTT) பற்றியும் கேட்பார்கள். 1999இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கச் செய்தது, அருமையான நெறிமுறை. ஆனால் நடுவில் ஒரு தரகர் வேண்டும், அதாவது எல்லாச் செய்தியையும் வாங்கி உரியவருக்குக் கொடுக்கும் நிரல். சில வருடங்களுக்கு முன் நானும் இரண்டு நண்பர்களும் பாம்பனில் இதைத்தான் வைத்தோம், ஏலக்கூடத்தில் ஒரு பை, அதில் தரகர். முதல் மின்வெட்டில் எல்லாம் நின்றது. கருவிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, பேசிக்கொள்ள இடம் இல்லை. 1914இல் வந்த ரயில் பாலம் ஒன்றை நம்பியே பாம்பன் தீவு 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை இருந்தது. 1964 டிசம்பர் புயலில் பாலம் உடைந்தபோது 46 நாளில் அதைச் செப்பனிட்டார்கள், அது பெரிய சாதனை. ஆனால் அந்த 46 நாளும் தீவு தனியாகத்தான் கிடந்தது. உங்கள் அமைப்பில் எந்த ஒரு பெட்டியை அணைத்தாலும் மீதி பேர் தங்களுக்குள் பேச முடிகிறதா என்பதை முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

இனி தரவு. எல்லாக் கருவியையும்விட இதில்தான் நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

ஐஸ் இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் 40 பார், தங்கச்சிமடத்தில் 25, மண்டபத்தில் 30, மொத்தம் 95. பாம்பனில் இன்னும் 5 பார் வந்தது. "5 கூட்டு" என்று செய்தி அனுப்பினால், அது இரண்டு வழியாக இரண்டு முறை வந்து சேரும்போது 10 கூடிவிடும். "மொத்தம் 100" என்று அனுப்பினால், அதே நேரத்தில் மண்டபத்தார் மாற்றிய கணக்கு அழிந்துவிடும். இரண்டுமே தப்பு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு கட்டம் கொடுங்கள். தன் கட்டத்தில் அந்தத் துறை மட்டும்தான் எழுத வேண்டும். கட்டத்தில் இருப்பது இதுவரை வந்த மொத்த ஐஸ், ஆகவே அது ஏறுமே தவிர இறங்காது. இன்னொரு கட்டத்தில் இதுவரை செலவான மொத்தம், அதுவும் ஏறும். இரண்டு கருவிகள் சந்திக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் எது பெரிதோ அதை இருவரும் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே செய்தி நூறு முறை வரட்டும், முன்பின்னாக வரட்டும், பத்து நாள் கழித்து வரட்டும், கடைசியில் எல்லோரிடமும் ஒரே கணக்குத்தான் இருக்கும். சிஆர்டிடி என்று 2011இல் ஷபிரோவும் கூட்டாளிகளும் பெயர் வைத்த வகை இது. லேப்டாப்பிலும் போனிலும் ஆட்டோமெர்ஜ், ஒய்ஜேஎஸ் போன்ற நூலகங்கள் இதைச் செய்து தரும். ஈஎஸ்பி32க்கு நீங்களே எழுதலாம், ஐம்பது வரி வராது.

அழிப்பதில்தான் சிக்கல். ஒரு பதிவை அழித்தால் அது அழிந்தது என்ற குறிப்பை வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பிரதி வைத்திருக்கும் ஒரு கருவி திரும்பி வந்து அதை எல்லோருக்கும் மறுபடி பரப்பிவிடும். அந்தக் குறிப்பை எத்தனை நாள் வைத்திருப்பது? பெயர் பெற்ற தரவுத்தளமான கசாண்ட்ராவில் முன்னிருப்பு 10 நாள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரலில் அணைத்துக் கட்டிப்போட்ட விசைப்படகின் கருவி ஜூனில் கண் விழித்து ஏப்ரல் மாதக் கணக்கைப் பரப்பும். அதனால் 90 நாளாவது வையுங்கள். எந்தப் புத்தகமும் இந்த எண்ணைச் சொல்லாது, உங்கள் கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு போகும் நாளில் நாட்டுப்படகு போவதில்லை, நாட்டுப்படகு போகும் நாளில் விசைப்படகு போவதில்லை. ஆக இரண்டு கூட்டமும் கடலில் சந்திக்கவே சந்திக்காது. ஒருவர் சேதி மற்றவருக்குப் போக வேண்டுமானால் கரையில் கிடந்துதான் போக வேண்டும். வாடைக் காலத்தில் வடகடல் கலங்கும், கச்சான் காலத்தில் தென்கடல் கலங்கும், அதற்கேற்பப் படகுகளும் இடம் மாறும். ஆகவே செய்தியை வைத்திருந்து, வாய்ப்பு வரும்போது கொடுக்கும் முறை வேண்டும். கெவின் ஃபால் 2003இல் எழுதியதும், பிறகு பண்டில் நெறிமுறை என்று ஆர்எஃப்சி 9171 வரை வளர்ந்ததும் இதுதான். விண்கலங்களுக்காக யோசித்தது, நாட்டுப்படகுக்கும் அப்படியே பொருந்துகிறது. முழு நெறிமுறையும் உங்களுக்குத் தேவையில்லை. "செய்திக்கு ஆயுள் உண்டு, கையில் கிடைத்தவர் ஆயுள் முடியும்வரை சுமப்பார்" என்ற கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடிகாரம். எங்கள் ஏலக்கூடத்துப் பையில் பேட்டரி வைத்த கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்ததும், இன்டர்நெட் இல்லாததால், அது கடைசியாக அணைந்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தது. நாங்கள் "கடைசியாக எழுதியவர் சொல்வதே சரி" என்று விதி வைத்திருந்தோம். ஐந்து மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தோடு ஏலக்கூடத்தில் உட்கார்ந்து சரியாக எழுதிய கணக்கு முழுவதையும், படகிலிருந்து வந்த பழைய கணக்கு அழித்துவிட்டது. அன்றைக்கு ஒரு குடும்பத்தின் பங்குக் கணக்கே தப்பாகிப் போனது. நோட்டில் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தோம். சுவர்க் கடிகாரத்தை நம்பி எது முந்தியது என்று முடிவு செய்யாதீர்கள். 1978இல் லாம்போர்ட் சொன்ன தர்க்கக் கடிகாரம் போதும்: ஒவ்வொரு நிகழ்வுக்கும் எண்ணை ஒன்று கூட்டு, வருகிற செய்தியில் உன்னுடையதைவிடப் பெரிய எண் இருந்தால் அதற்கு மேல் தாவு. பகலில் எத்தனை மணிக்கு நடந்தது என்று மனிதர்களுக்குக் காட்ட ஜிபிஎஸ் நேரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இப்படி ஒட்டவைக்க முடியாது: ஏலம். ஒரு கூடை ஒருவருக்குத்தான். இரண்டு பேருக்கு விற்றதாக இரண்டு கருவியில் பதிவாகி, பிறகு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் சண்டைதான் வரும். இதற்கு ராஃப்ட் போன்ற உடன்பாட்டு முறைகள் இருக்கின்றன, 2014இல் ஓங்காரோவும் ஊஸ்டர்ஹவுட்டும் எழுதியது. மூன்று கருவி இருந்தால் ஒன்று விழலாம், ஐந்து இருந்தால் இரண்டு விழலாம், பெரும்பான்மை பேசிக்கொண்டால்தான் முடிவு. படகுகளை இதில் சேர்த்தால் பெரும்பான்மையே கிடைக்காது. எளிய வழி ஒன்று இருக்கிறது. நிஜத்தில் ஏலம் விடுகிறவர் ஒருவர்தான், அந்தத் துறையில்தான். அந்தத் துறைக் கருவி மட்டும் அந்த ஏலத்தைப் பதிவு செய்யட்டும், மற்றவர்கள் வாசிக்கட்டும்.

இப்போது தண்ணீர். 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லாதது. குறைந்த சக்தியில் நெடுந்தூரம் பேசும் லோரா ரேடியோவை அதில் வைப்பீர்கள். தடை எதுவும் இல்லாத கடலில் எல்லை, பூமியின் வளைவு. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும், இரு முனைக்கும் கூட்டிக்கொள்ள வேண்டும். 2 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு படகுக்கு நடுவே 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கரையில் 16 மீட்டர் கம்பம் நட்டால் கரைக்கும் படகுக்கும் 22 கிலோமீட்டர். விலை உயர்ந்த ரேடியோ வாங்குவதைவிடக் கம்பத்தை உயர்த்துவது லாபம். ஆன்டெனா இணைப்பில் உப்புக்காற்று புகாமல் சுற்றுவதற்கு நல்ல ரப்பர் டேப் வாங்குங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதல் சோதனைக்கு, லோராவில் ஓடும் மெஷ்டாஸ்டிக் என்ற மென்பொருள் போதும். ஈஎஸ்பி32இல் ஏற்றலாம், ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பரப்பும். தாவல் வரம்பு (ஒரு செய்தி எத்தனை முறை கைமாறலாம் என்பது) முன்னிருப்பாக 3, அதிகபட்சம் 7. அதன் வழக்கமான அமைப்பில் வேகம் நொடிக்கு ஒரு கிலோபிட்தான். 200 பைட் செய்தி காற்றில் ஒன்றே முக்கால் விநாடி நிற்கும், 40 பைட் செய்தி அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல். 40 படகு நிமிடத்துக்கு ஒருமுறை 40 பைட் அனுப்பினாலே 22 விநாடி போய்விட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் திருப்பிச் சொன்னால் நிமிடம் நிறைந்து வழியும். அதனால் தரவை எழுத்தாகவே அனுப்பும் ஜேசன் வடிவம் வேண்டாம். சுருக்கமான பைட்டுகளாக்கும் சிபோர் அல்லது புரோட்டோபஃப் வையுங்கள், இடத்தை முழு எண்ணாக அனுப்புங்கள், நகராத படகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசினால் போதும். மீனின் பெயரை எழுத்தில் அனுப்பவே கூடாது: "சூடை" என்ற சொல்லுக்கு யுடிஎஃப்-8இல் 12 பைட் ஆகும், எண் 17 என்று வைத்தால் ஒரு பைட். போனில் காட்டும்போது தமிழில் அழகாகக் காட்டுங்கள். செய்தியின் முதல் பைட்டில் பதிப்பு எண் இருக்கட்டும். எல்லாப் படகையும் ஒரே நாளில் புதுப்பிக்க உங்களால் ஒருபோதும் முடியாது.

போனில் கவனிக்க வேண்டியது: ஆண்ட்ராய்டில் வைஃபை வழியாக அக்கம்பக்கத்தைத் தேடும் பலமுகச் செய்திகளை வாங்க மல்டிகாஸ்ட் பூட்டைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சில போன்களில் ஒன்றும் வராது, காரணமும் தெரியாது. போனை எப்போதும் விழித்திருக்கும் கணுவாக நினைக்காதீர்கள். அது வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி.

இத்தனை மொழிகளில் எழுதினால் எல்லாம் ஒரே மாதிரி நடக்கும் என்பதற்கு என்ன உறுதி? விதியை மட்டும் தனியாகப் பிரித்து எழுதுங்கள்: பழைய நிலையும் வந்த நிகழ்வும் உள்ளே போனால், புதிய நிலையும் அனுப்ப வேண்டிய செய்திகளும் வெளியே வர வேண்டும். அந்தச் சார்புக்குள் (ஃபங்ஷன்) கடிகாரம் பார்க்கக் கூடாது, ரேடியோவைத் தொடக் கூடாது, குலுக்கல் எண்ணைக்கூட வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பிறகு சில நூறு நிகழ்வுகளும் அவற்றுக்கு வர வேண்டிய விடைகளும் கொண்ட ஒரே கோப்பைத் தயாரித்து, சி, கோ, காட்லின் மூன்றையும் அதில் ஓட்டிப் பாருங்கள். மூன்றும் ஒரே விடை தந்தால் தளம் எதுவானால் என்ன? இதே சார்பை லேப்டாப்பில் 200 படகாக ஓட்டலாம். செய்தியில் மூன்றில் ஒன்றைத் தொலையுங்கள், சிலவற்றை இருமுறை கொடுங்கள், வடகடலையும் தென்கடலையும் ஒரு மணி நேரம் பிரித்து வைத்துச் சேருங்கள். குலுக்கலின் விதை எண்ணைக் குறித்து வைத்தால், தப்பு நடந்த ஓட்டத்தை அப்படியே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். பைகளுக்கு நடுவே நிஜ இணைப்பைக் கெடுத்துப் பார்க்க லினக்ஸில் நெட்எம் இருக்கிறது. பழகுவதற்கு, ஜெப்சன் குழுவின் மேல்ஸ்ட்ராம் நல்ல களம்; எந்த மொழியில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்.

கடலில் வைப்பதற்கு முன் மீன்வளத் துறையிடமும் கடலோரக் காவலிடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கடல் இது. தெரியாத ரேடியோ பெட்டி ஒன்று படகில் இருந்தால், பதில் சொல்ல வேண்டியது உங்கள் குழு இல்லை, அந்தப் படகுக்காரர்.

அடுத்து எனக்கு மூன்று விவரம் அனுப்புங்கள். ஒரே நேரத்தில் எத்தனை படகு, கரையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தூரம், படகில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறதா அல்லது கருவிக்கென்று தனியாக வைக்க வேண்டுமா. அதை வைத்துச் செய்தி வடிவத்தை பைட் பைட்டாகச் சேர்ந்தே எழுதிவிடலாம்.